காப்பாற்றுகிற காட்சியை வெட்டாதீர்கள்

சூப்பர்ஹீரோ படங்களை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் போடும் ஸ்டுடியோக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் படங்களை ஆசை ஆசையாகப் பார்க்கிற ஒரு ரசிகன் எழுதுகிறேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. இந்த மடலில் முக்கால்வாசி நன்றிதான் இருக்கும். மிச்சத்தில் ஒரு வேண்டுகோள். அதைக் கடைசி வரை இழுக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் படங்களில் அடிக்கிற காட்சி கூடிக்கொண்டே போகிறது, காப்பாற்றுகிற காட்சி குறைந்துகொண்டே வருகிறது. காப்பாற்றுகிற காட்சியை வெட்டாதீர்கள். எனக்கு இந்தப் படங்கள் மேல் இத்தனை பிரியம் வந்ததற்குக் காரணமே அந்தக் காட்சிகள்தான்.

1978-இல் ரிச்சர்ட் டோனர் எடுத்த 'சூப்பர்மேன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகத்தின் உச்சியில் ஒரு ஹெலிகாப்டர் கேபிளில் சிக்கி, கட்டடத்தின் விளிம்பைத் தாண்டிச் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பத்திரிகையின் நிருபர் லோயிஸ் லேன் அதிலிருந்து அந்தரத்தில் தொங்குகிறாள். கீழே தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சாதாரண நிருபர் வேஷத்தில் இருக்கும் சூப்பர்மேன், கிளார்க் கென்ட், வாசலுக்கு வருகிறான். மேலே இருந்து விழுந்த அவளுடைய தொப்பியைப் பார்க்கிறான், அண்ணாந்து பார்க்கிறான், புரிந்துகொள்கிறான். அப்புறம் ஓட்டம். லோயிஸின் பிடி நழுவுகிறது. அவள் விழுந்துகொண்டிருக்கும்போதே அவன் கீழிருந்து ஏறி வந்து பாதி வழியில் தாங்கிக்கொள்கிறான். பயப்படாதீர்கள், பிடித்துக்கொண்டேன் என்கிறான். என்னை நீ பிடித்திருக்கிறாய், உன்னை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அவள் அலறுகிறாள். அதற்குள் ஹெலிகாப்டரே கழன்று அவர்கள் தலைக்கு மேல் விழுகிறது. இன்னொரு கையால் அதையும் பிடித்துக்கொண்டு மேலே போகிறான்.

இதுவரை நடந்தது சாகசம். எனக்கு உயிரானது அதற்கு அடுத்து வருவது. அவளைப் பத்திரமாக இறக்கிவிட்டு, இதனால் உங்களுக்கு விமானப் பயணமே வெறுத்துப்போகாது என்று நம்புகிறேன், புள்ளிவிவரப்படி பார்த்தால் இன்னமும் அதுதான் பாதுகாப்பான பயணம் என்று சொல்கிறான். அதைச் சொல்லும்போது சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் முகத்தில் துளி கர்வம் கிடையாது. பயந்துபோன ஒரு பெண்ணுக்குத் தைரியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை. அதே இரவில் அமெரிக்க அதிபர் வரும் விமானத்தையும் காப்பாற்றுகிறான், மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கி ஒரு சிறுமியிடமும் கொடுக்கிறான். இரண்டு வேலையையும் ஒரே முகத்தோடு செய்கிறான். அதிபருக்காக ஒரு பங்கு கூடுதல் அக்கறை இல்லை, பூனைக்காக ஒரு பங்கு குறைச்சலும் இல்லை. சூப்பர்மேன் யார் என்று என்னைக் கேட்டால் அந்தப் பூனையைத்தான் காட்டுவேன்.

அந்தப் படம் வந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் துணைக்கு இல்லை. ஜோரான் பெரிசிக் என்பவர் கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஒரே நேரத்தில் ஜூம் ஆகிற லென்ஸ்களைப் பொருத்தி ஒரு வழி கண்டுபிடித்தார். ரீவ் கம்பியில் தொங்கியபடி இடத்தை விட்டு அசையாமல் இருப்பார். திரையில் பார்த்தால் தூரத்திலிருந்து பாய்ந்து வருகிற மாதிரி இருக்கும். படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரில் சிறப்பு விருதே கொடுத்தார்கள். ஆனால் லென்ஸ் மட்டும் அதைச் சாதித்துவிடவில்லை. ரீவ் நிஜ வாழ்க்கையில் விமானம் ஓட்டத் தெரிந்தவர். காற்றில் திரும்பும்போது உடம்பு எப்படிச் சாய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே உணர்விழந்த பிறகும், 2004-இல் இறக்கும்வரை, தண்டுவடக் காயத்துக்கு மருத்துவம் காணும் ஆராய்ச்சிக்காகச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அதெல்லாம் தெரிந்த பிறகு அந்த ஹெலிகாப்டர் காட்சியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

இன்னும் பின்னால் போவோம். 1938-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் முதன்முதலாக வந்தபோது அவன் செய்த வேலை என்ன தெரியுமா? உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நினைவுபடுத்துகிறேன். செய்யாத கொலைக்காக மின்சார நாற்காலியில் உட்காரப்போகிற ஒரு பெண்ணுக்காக, உண்மையான கொலைகாரியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போகிறான். அடுத்ததாக, மனைவியை அடிக்கிற ஒருவனைத் தடுக்கிறான். உலகத்தை அழிக்க வந்த வில்லன் யாரும் அந்தக் கதையில் இல்லை. ஒரு நிரபராதி, அடிவாங்கும் ஒரு பெண், கொஞ்சம் ஊழல் அரசியல். இந்த வகைக் கதையே அங்கேதான் பிறந்தது.

அதை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்தில் வளர்ந்த பையன்கள், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். சீகலின் அப்பா 1932-இல் தன் துணிக்கடையில் திருட்டு நடந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். அந்த நேரத்தில் உதவிக்கு யாராவது பறந்து வந்திருந்தால் என்று ஒரு பையன் நினைத்திருக்க மாட்டானா? நான் அப்படித்தான் சேர்த்துப் பார்க்கிறேன். இருவரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். பிறகு பல ஆண்டுகள் வழக்கு, வறுமை. 1975-இல்தான், ஓவியர் நீல் ஆடம்ஸ் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகு, ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் படைத்தவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. 1978 படத்தில் அவர்கள் பெயர் திரையில் வந்தது. பேட்மேனை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த பில் ஃபிங்கருக்கு அந்தக் கொடுப்பினை கூட உயிரோடு இருக்கும்போது இல்லை. 1974-இல் இறந்தார். பெயர் முறையாக வரத் தொடங்கியதோ 2015-இல்தான்.

இங்கே எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டையும் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே 'இரும்புக்கை மாயாவி'யில்தான். கையில் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எண்பதுகளில் லயன் காமிக்ஸில் ஸ்பைடர் வந்தான். உங்கள் ஸ்பைடர்மேன் இல்லை, பிரிட்டிஷ் காமிக்ஸில் வந்த வேறு ஆள். குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று ஆரம்பித்து, அப்புறம் குற்றவாளிகளை வேட்டையாடக் கிளம்புகிறவன். அந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் அதே ஜெர்ரி சீகல் என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. சூப்பர்மேனைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே அவரைப் படைத்தவரின் கதையைத் தமிழில் படித்துவிட்டோம். ஆகவே, உங்கள் கதைகளைப் பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

சரி, இப்போது என் மனசுக்கு மிக நெருக்கமான காட்சிக்கு வருகிறேன். சாம் ரெய்மி இயக்கி 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'. ரயில் காட்சி.

முதுகில் இரும்புக் கரங்கள் கொண்ட வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் ரயிலின் கட்டுப்பாட்டை உடைத்துவிட்டுப் போய்விடுகிறார். ரயில் முழு வேகத்தில் ஓடுகிறது. தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் ரயிலின் முன்பக்கம் போய் நிற்கிறான். சண்டையில் தீப்பிடித்த முகமூடியை ஏற்கெனவே கழற்றிவிட்டான். முதலில் காலை ஊன்றிப் பார்க்கிறான். தண்டவாளக் கட்டைகள் படபடவென்று உடைந்து தெறிக்கின்றனவே தவிர ரயில் நிற்கவில்லை. வேறு யோசனை ஏதாவது இருக்கிறதா என்று பின்னால் இருந்து ரயில் ஓட்டுநர் கத்துகிறார். பிறகு இரண்டு பக்கக் கட்டடங்களிலும் வலையை அடித்து, கொத்துக் கொத்தாக இழைகளைப் பிடித்துக்கொண்டு, தன் உடம்பையே பிரேக்காக்குகிறான்.

டோபி மேக்வயரின் முகத்தை அங்கே நன்றாகப் பாருங்கள். பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைத்து, அழகே இல்லாமல் கத்துகிறார். கதாநாயகனின் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று யாரும் அங்கே கவலைப்படவில்லை. நெஞ்சில் உடை கிழிகிறது. ரயிலின் முன்பக்கத் தகடு அவன் முதுகுக்குப் பின்னால் நசுங்குகிறது. கடைசி நொடியில் ரயில் நிற்கிறது, அவன் நினைவிழந்து முன்பக்கமாகச் சரிகிறான். கீழே பள்ளம்.

அப்போது உள்ளே இருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் நெஞ்சைத் தாங்குகிறது. அப்புறம் இன்னொரு கை. அப்புறம் பல கைகள்.

பயணிகள் அவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டிக்குள் கொண்டுபோய்த் தரையில் படுக்கவைக்கிறார்கள். முகமூடி இல்லாத முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். சின்னப் பையன்தானே, என் மகன் வயசுகூட இருக்காது என்கிறார் ஒருவர். இந்தப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் டிவியில் போட்டபோது என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பைடர்மேன் யார், ஆக்டோபஸ் யார் எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தப் பயணி வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஐயோ, சின்னப் புள்ளையா இருக்கானே" என்று சொல்லிவிட்டார். ரெய்மிக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்து இரண்டு சிறுவர்கள் அவனுடைய முகமூடியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். ஆக்டோபஸ் திரும்பி வந்து அவனைக் கேட்கும்போது, சாதாரணப் பயணிகள் குறுக்கே வந்து நிற்கிறார்கள். அவனைத் தொட வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போ என்கிறார் ஒருவர். என்னையும் என்கிறார் அடுத்தவர். ஒரு நொடியில் அத்தனை பேரையும் ஆக்டோபஸ் ஒதுக்கித் தள்ளிவிடுகிறார், அது அவர்களுக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நிற்கிறார்கள். அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் கிடைத்தது. இரும்புக் கரங்களின் நேர்த்திக்குக் கிடைத்த பரிசு அது, தகும். ஆனால் அந்தக் காட்சியை இத்தனை ஆண்டுகள் தூக்கி நிறுத்தியிருப்பது துணை நடிகர்களின் கைகள்.

இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். காப்பாற்றப்படுகிறவர்களுக்கு முகம் கொடுங்கள். அவர்களுக்கு ஒரு வசனம் கொடுங்கள். திருப்பிக் காப்பாற்ற ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

கிறிஸ்டோபர் நோலன் 2008-இல் 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்தில் இதை வேறு விதமாகச் செய்தார். இரண்டு படகுகள். ஒன்றில் கைதிகள், இன்னொன்றில் ஊர் மக்கள். ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்கவைக்கும் கருவி இருக்கிறது. நேரம் முடிவதற்குள் யாராவது அழுத்தாவிட்டால் இரண்டும் வெடிக்கும் என்கிறான் வில்லன் ஜோக்கர். கைதிகள் படகில் மலை மாதிரி ஒருவர் எழுந்து அதிகாரியிடம் வருகிறார். முகத்தில் தழும்பு. அழுத்தத்தான் போகிறார் என்று நமக்குத் தோன்றும்படி படம் நம்மைக் கொண்டுபோகிறது. நீ பத்து நிமிஷம் முன்னாடியே செய்திருக்க வேண்டியதை நான் செய்கிறேன் என்று கருவியை வாங்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரில் வீசிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். அந்தக் கைதிக்குப் படத்தில் வேறு வேலையே இல்லை. ஹீத் லெட்ஜரின் ஜோக்கரைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. இறந்த பிறகு அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது, முழுத் தகுதியோடு. ஆனால் அந்த ஜோக்கரைத் தோற்கடித்தது பேட்மேனின் கைமுஷ்டி இல்லை, அந்தக் கைதியும் எதிர்ப் படகில் கடைசியில் கை வராமல் கருவியைத் திரும்ப வைத்த மனிதரும்தான். அந்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இந்தப் படம் இல்லாமல் போனதும், அடுத்த ஆண்டே அந்தப் பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக்கினார்கள். இது விடுபட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது.

2011-இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா' முதல் படத்தில் எனக்குப் பிடித்தது கேடயமும் இல்லை, அவனுக்குச் சக்தி தரும் சீரம் என்ற மருந்தும் இல்லை. ராணுவப் பயிற்சி மைதானத்தில் கர்னல் ஒரு போலிக் கையெறிகுண்டை வீசுகிறார். பலசாலிகள் எல்லாம் சிதறி ஓடுகிறார்கள். நோஞ்சான் ஸ்டீவ் ரோஜர்ஸ் அதன் மேல் போய்க் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையை ஆட்டுகிறான். அவனுக்கு இன்னும் எந்தச் சக்தியும் வரவில்லை. அந்த நிமிஷமே அவன் கேப்டன் அமெரிக்கா ஆகிவிட்டான். மீதியெல்லாம் மருந்து.

இப்போது மனசில் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஹென்றி கேவில் அந்த வேடத்துக்கென்றே பிறந்தவர் போல இருந்தார். ஹான்ஸ் ஜிம்மரின் இசை இன்னமும் கேட்கிறேன். ஆனால் கடைசிச் சண்டையில் கட்டடம் கட்டடமாகச் சரிகிறது. அதற்குள் இருக்கிறவர்களைப் பற்றிப் படம் நின்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதை இயக்கிய ஜாக் ஸ்னைடரே 2016-இல் அடுத்த படத்தின் தொடக்கத்தில் அந்தச் சண்டையைத் தரையிலிருந்து காட்டினார். எல்லாரும் புழுதியிலிருந்து வெளியே ஓடிவர, பேட்மேனாகிற புரூஸ் வெய்ன் மட்டும் புழுதிக்குள்ளே ஓடுகிறார். அந்தப் படம் முழுவதும் அந்தத் தரையிலேயே நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இந்தப் பக்கம் மார்வெலும் இதை யோசிக்காமல் இல்லை. 2015-இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தைப் பலர் குறை சொல்வார்கள். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு ஊரே வானத்தில் தூக்கப்படும்போது, அதிலிருந்து ஒவ்வொருவரையும் இறக்குவதற்குத்தான் அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டம் க்ளைமேக்ஸ் முழுக்கப் பாடுபடுகிறது. அடுத்த ஆண்டு 'சிவில் வார்' படத்தில், அங்கே மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கின் எதிரில் வந்து அவன் படத்தை நீட்டுவார். ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரிடம் அந்த இடத்தில் எந்தக் கிண்டலும் இல்லை, பதிலும் இல்லை. அதற்குப் பிறகு வந்த படங்களில் பலவற்றில் அந்தத் தாயைப் போன்ற ஒருவருக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. வானத்தில் ஒரு வெளிச்சத் தூண், அதிலிருந்து கொத்துக் கொத்தாக இறங்கும் சாம்பல் நிறப் படை, ஆளில்லாத வெட்டவெளி. யாரைக் காப்பாற்ற இந்தச் சண்டை என்று தெரியாமலே முடிந்துவிடுகிறது.

பெரிய படங்களை விட்டு 2018-க்கு வருகிறேன். 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்'. கார்ட்டூன் என்று வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை, நான் மட்டும் பார்த்தேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு அறைக்குள், புதிதாக ஸ்பைடர்மேன் சக்தி பெற்ற பையன் மைல்ஸ் மொரேல்ஸ் நாற்காலியோடு வலையால் கட்டப்பட்டிருக்கிறான், வாயிலும் வலை. கதவுக்கு வெளியே அவன் அப்பா வந்து நிற்கிறார். போலீஸ்காரர். தன் சகோதரர் இறந்த செய்தியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். உள்ளே மகன் கோபத்தில் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தே பேசுகிறார். உனக்குள் ஒரு பொறி இருக்கிறது, அதைக்கொண்டு நீ எதைச் செய்தாலும் நன்றாகச் செய்வாய் என்கிறார். பதில் வராது என்று தெரிந்து, உன்னை நேசிக்கிறேன், நீ திருப்பிச் சொல்ல வேண்டாம் என்கிறார். அவர் போன பிறகுதான் மைல்ஸ் கட்டிலிருந்து விடுபடுகிறான். அதற்குப் பிறகு உயரமான கட்டடத்தின் உச்சி. பயத்தில் அவன் விரல்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குதிக்கும்போது விரலோடு கண்ணாடியும் பெயர்ந்து வருகிறது. பயம் போகவில்லை, பயத்தோடுதான் குதிக்கிறான். அப்போது காட்சி தலைகீழாகத் திரும்பி, விழுகிறவன் மேலே எழுகிற மாதிரி தெரிகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. மைல்ஸ் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் அவனை நொடிக்கு 12 ஓவியங்களாகவே அசைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டர் 24-இல் வழுக்கிக்கொண்டு போகிறார். காட்டில் இருவரும் ஊஞ்சலாடிப் போகும் காட்சியில் உற்றுப் பாருங்கள், பையனின் தடுமாற்றம் ஓவியத்திலேயே இருக்கும். பின்னணியில் மங்கலாக இருக்க வேண்டிய இடங்களில், அச்சில் வண்ணம் சற்று விலகிப் பதிந்த மாதிரி சிவப்பும் நீலமும் தனித்தனியாகத் தெரியும். மலிவுத் தாளில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு அதைப் பார்த்தால் மை வாசனையே வந்துவிடும். படத்தை இயக்கிய பாப் பெர்சிகெட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மேன் மூவருக்கும், பெயர் தெரியாத அத்தனை ஓவியர்களுக்கும் என் வணக்கம்.

அதே ஆண்டு 'பிளாக் பேந்தர்'. ரயான் கூக்லர் எடுத்தது. சுரங்கத்துக்குள் நடக்கும் கடைசிச் சண்டை எனக்கு ஒட்டவில்லை, பொம்மைகள் மோதுகிற மாதிரி இருந்தது. ஆனால் சண்டை முடிந்து, சாகப்போகிற எதிரியை மலையுச்சிக்குத் தூக்கிப்போய் அவன் பார்க்க ஆசைப்பட்ட வகாண்டா நாட்டின் சூரிய அஸ்தமனத்தை அவனுக்குக் காட்டுகிறான் பிளாக் பேந்தரான டிசாலா. உன்னைக் குணப்படுத்த முடியும் என்றும் சொல்கிறான். வில்லனைக் காப்பாற்ற நினைக்கிற கதாநாயகன்! ஆடை வடிவமைத்த ரூத் கார்ட்டரும், கலை இயக்கம் செய்த ஹன்னா பீச்லரும், இசையமைத்த லுட்விக் கோரன்சனும் ஆஸ்கர் வாங்கினார்கள். சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படமும் இதுதான். டிசாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன் 2016-இலேயே புற்றுநோய் என்று தெரிந்தும் வெளியே சொல்லாமல், சிகிச்சைக்கு நடுவே நடித்துக்கொண்டிருந்தார் என்பது 2020 ஆகஸ்டில் அவர் இறந்த அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தப் படத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

ஹாலிவுட்டுக்கு வெளியே ஒன்று சொல்லட்டுமா? மலையாளத்தில் பேசில் ஜோசப் 2021-இல் எடுத்த 'மின்னல் முரளி'யை நீங்கள் எல்லாரும் பார்க்க வேண்டும். ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது. தையற்காரன் ஜெய்சன் ஒருவன், டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு இன்னொருவன். ஷிபுவாக நடித்தவர் எங்கள் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். ஊரே கேலி செய்கிற ஆள். பல ஆண்டுகளாக மனசில் வைத்திருந்த பெண் தன்னை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும், எது எது என்று பிரிக்க முடியாது. இவனை ஊர் கொஞ்சம் முன்பே காப்பாற்றியிருந்தால் இந்தக் கதையில் வில்லனே இருந்திருக்க மாட்டான். உங்கள் படங்களைப் போலப் பணத்தைக் கொட்டி எடுத்த படம் இல்லை இது.

காப்பாற்றுவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, உங்கள் படங்களுக்கு உழைக்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோஸின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர ஒருமனதாக வாக்களித்தார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்றால் வேலைச் சுமை எப்படி இருந்திருக்க வேண்டும்! கடைசி நேரத்தில் க்ளைமேக்ஸை மாற்றிவிட்டு அவர்களை ராத்திரி பகலாக உட்காரவைக்காதீர்கள். சண்டைக் கலைஞர்களுக்கு ஆஸ்கரில் தனி விருது, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து தரப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். கேட்டபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவர்கள் எலும்பை உடைத்துக்கொண்ட எத்தனையோ படங்களுக்குப் பிறகு வருகிறது, வரட்டும்.

2025-இல் ஜேம்ஸ் கன் எடுத்த 'சூப்பர்மேன்' பார்த்தபோது எனக்கு நம்பிக்கை திரும்ப வந்தது. ராட்சத மிருகம் ஒன்று நகரத்தை மிதித்துக்கொண்டிருக்கிறது. டேவிட் கோரன்ஸ்வெட் அதற்கு நடுவே ஒரு அணிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக விடுகிறார். தியேட்டரில் சிலர் சிரித்தார்கள், நான் கைதட்டினேன். அந்த மிருகத்தைக்கூடக் கொல்லாமல் விட முடியுமா என்றுதான் அவன் பார்க்கிறான். 1978-இன் பூனைக்கு அந்த அணில் சொந்தம்.

உங்கள் எடிட்டிங் அறையில் யாராவது ஒருவர், படம் நீளமாக இருக்கிறது, கதை நகரவில்லை, அந்தப் பேருந்துக் காட்சியைத் தூக்கிவிடலாம், அந்தப் பாட்டியைக் காப்பாற்றும் இடத்தைக் குறைக்கலாம் என்று நிச்சயம் சொல்வார். அப்போது சண்டையில் இரண்டு நிமிடம் குறையுங்கள். எங்களில் ஒருவரும் அதைத் தேட மாட்டோம். அந்தப் பாட்டியைத் தேடுவோம்.

கடைசியாக ஒன்று, இது 'ஸ்பைடர்மேன் 2' உரிமையை வைத்திருப்பவர்களுக்கு. அந்தப் படத்தைத் தமிழ் டப்பிங்கோடு ஒரு வாரத்துக்காவது இங்கே தியேட்டர்களில் மறுபடி போடுங்கள். குரல் கொடுத்த தமிழ்க் கலைஞர்களின் பெயர்களையும் திரையில் காட்டுங்கள். என் அம்மா அந்த ரயில் காட்சியை இதுவரை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவருக்கும் சேர்த்து நான் டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்